‘ப்ரெடிக்டபிள்’ பாராட்டா, குத்தலா? அகராதிகள் தரும் பதில்

‘ப்ரெடிக்டபிள்’ என்ற சொல்லுக்குத் தமிழில் பொருள் தேடினால் பெரும்பாலும் ‘முன்கணிக்கக்கூடிய’, ‘ஊகிக்கக்கூடிய’ என்ற இரண்டில் ஒன்று கையில் வந்து விழும். இரண்டும் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி, தன்னிடம் வேலை பார்த்தவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஒருவர், ‘இவர் ரொம்ப ப்ரெடிக்டபிள்’ என்று போட்டால் காரியம் கெட்டது. எழுதியவர் மனசில் இருந்தது ‘சொன்னால் சொன்னபடி செய்வார், நம்பி ஒப்படைக்கலாம்’. படிப்பவர் புரிந்துகொள்வது ‘புதுசாக எதுவும் தோன்றாத ஆள், அரைத்த மாவையே அரைப்பவர்’. அங்கே வந்திருக்க வேண்டிய சொல் ரிலையபிள், டிபெண்டபிள், கன்ஸிஸ்டென்ட் இவற்றில் ஒன்று.

இந்த இடறலை முன்கூட்டியே சொல்லித் தடுக்கிற அகராதி எது? இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவையும் புத்தகக் கடையில் கிடைப்பவையுமாகச் சிலவற்றை இந்த ஒரு சொல்லை வைத்தே பார்க்கலாம்.

முதல் இடம், போட்டியே இல்லாமல், ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் இணையதளத்துக்கு. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் உருவாக்கி, 1942ல் அங்கேயே அச்சாகி, 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக மாறிய அகராதி இது. 10ஆம் பதிப்பு 2020ல் வந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கென்றே எழுதப்பட்டது என்பதால் நமக்கு நேராகப் பொருந்தும். இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளைத் தனித்தனியாக எண் போட்டுக் கொடுக்கிறது. ஒன்று, நடக்கப்போவதோ அது எப்படி இருக்கும் என்பதோ முன்பே தெரிவது: முடிவு, விளைவு, வானிலை போன்றவை. இரண்டாவதற்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: பெரும்பாலும் குறைகூறும் தொனி. அதற்குக் கீழே உள்ள எடுத்துக்காட்டின் சாரம், ‘நல்ல மனிதர்தான், ஆனால் சப்பென்று இருக்கிறார், அடுத்து என்ன செய்வார் என்பது தெரிந்துவிடுகிறது’. பரிந்துரைக் கடிதம் எழுதுபவரைக் காப்பாற்றுவது இந்த ஒரு வரிதான்.

பலர் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரணம் எளிது: கைபேசியில் தேடினால் தேடுபொறியே மேலே ஒரு கட்டத்தில் முதல் பொருளைக் காட்டிவிடுகிறது, அதோடு ஜன்னலை மூடிவிடுகிறோம். தளத்துக்குள் போய்க் கடைசிவரை உருட்டிப் பார்த்தால்தான் இரண்டாவது பொருள், கூடுதல் எடுத்துக்காட்டுகள், சொல்லின் மூலம் எல்லாம் வரும். ஒலிபெருக்கிப் படம் இரண்டு இருக்கும். நீலம் பிரிட்டன் உச்சரிப்பு, சிவப்பு அமெரிக்க உச்சரிப்பு. இரண்டையும் ஒருமுறை கேளுங்கள். நாம் எழுதுவது ‘ப்ரெ’ என்றாலும் ஒலி ‘ப்ரி’தான். அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது: ப்ரி-டிக்-ட-பிள், இதில் ‘டிக்’ தூக்கலாக ஒலிக்க வேண்டும். ‘ப்ரெடிக்ட்-ஏபிள்’ என்று கடைசியை நீட்டுவது நம் பக்கம் பரவலான பிழை. ஏபிள் என்ற தனிச்சொல் வேறு. ஒட்டாக வரும்போது அது தேய்ந்து ‘அபிள்’ ஆகிவிடும்.

லாங்மேன் தற்கால ஆங்கில அகராதி இரண்டாவது. 1978ல் முதல் பதிப்பு வந்தபோதே இதன் பெருமை, ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதிமுடித்ததுதான். விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேட வேண்டிய தொல்லை அநேகமாக வராது. நம் சொல்லுக்கு இது இரண்டு பொருளாகப் பிரிக்காமல் ஒரே விளக்கத்தில் முடித்து, சில நேரம் அதிருப்தியைக் காட்டப் பயன்படும் என்று வாலில் சேர்க்கிறது. தகவல் இருக்கிறது, அழுத்தம் இல்லை. அவசரத்தில் படிப்பவர் கண்ணில் வால் படாது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஒரே ஒரு ஆங்கில அகராதிதான் வாங்க முடியும் என்றால், விளக்கத்தின் எளிமைக்காக இதைச் சொல்லலாம். எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு.

காலின்ஸ் கோபில்ட் வித்தியாசமான பண்டம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், உண்மையாக எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கணினியில் குவித்து அதிலிருந்து எடுத்து 1987ல் வெளியிட்டார்கள். இதில் பொருள் துண்டாக இருக்காது. முழு வாக்கியமாக இருக்கும். ‘ஒரு நிகழ்வை ப்ரெடிக்டபிள் என்று நீங்கள் சொன்னால், அது நடக்கும் என்பது முன்பே வெளிப்படை என்று பொருள்’ என்கிற போக்கு. சொல் எதற்குப் பக்கத்தில் உட்காரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடுவது இந்த முறையின் அழகு. ஆனால் குத்தல் தொனியை இது வெளிப்படையாகச் சொல்வதில்லை. எடுத்துக்காட்டுகளைப் படித்து நாமே மோப்பம் பிடிக்க வேண்டும். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை அது குறைதான்.

கேம்பிரிட்ஜ் தளத்தில் விளக்கம் தெளிவு. ஆனால் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் வரும் எடுத்துக்காட்டுக் குவியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் படிக்க வேண்டும். அவை மொழித்தொகுப்பிலிருந்தும் (கணினியில் குவித்த உண்மையான எழுத்தும் பேச்சும்) மற்ற இணைய மூலங்களிலிருந்தும் வாரிப் போட்டவை. ஆய்வுக்கட்டுரை வாக்கியம் அதிகம். அதைப் பார்த்து அன்றாட ஆங்கிலம் எழுதினால் வாக்கியம் விறைத்து நிற்கும்.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்கர்களின் வீட்டு அகராதி. தாய்மொழியாளருக்கு எழுதியது என்பதால் ‘ப்ரெடிக்ட் செய்யப்படக்கூடியது’ என்ற பாணியில் சுற்றி வந்து அங்கேயே நிற்கும். கூடவே உச்சரிப்பை உலகப் பொது ஒலிக்குறியில் தராமல் தனக்கென்று வைத்திருக்கும் குறியில் தருகிறது. பள்ளியில் ஒலிக்குறி படித்தவருக்கும் இது புதுப் பாடம். சொல்லின் வரலாறு தேடுபவர்கள் மட்டும் போகலாம். வரலாறு என்றால், லத்தீனில் ‘ப்ரே’ முன், ‘டிக்கெரே’ சொல்ல. ஆக மூலப்பொருள் ‘முன்பே சொல்’. நம் ‘முன்னறிவிப்பு’ கிட்டத்தட்ட அதே அச்சு.

தமிழ்ப் பக்கம் வருவோம். நிலைமை கொஞ்சம் வேறு.

அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் இன்றும் மொழிபெயர்ப்பாளர் மேசையில் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் தேடலாம். ஒரு சொல்லுக்கு இணையான தமிழ்ச் சொற்களை வரிசையாக அடுக்கித் தருவதில் இதற்கு இணை இல்லை. ஆனால் அடுக்கில் எது எந்த இடத்துக்கு என்று காட்டும் வாக்கியங்களை எதிர்பார்க்கக்கூடாது. தமிழ் நன்றாகத் தெரிந்து, சொல் மட்டும் நாக்கு நுனியில் நிற்பவருக்கு இது வரம். ஆங்கிலத் தொனி தேடுபவருக்கு உதவாது.

தமிழ் விக்சனரி யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய அகராதி. துறைச் சொற்பட்டியல்களிலிருந்து மொத்தமாக ஏற்றிய பதிவுகள் ஏராளம். ஆகவே பல ஆங்கிலச் சொற்களுக்கு எதிரே கணிதம், பொறியியல் என்று துறைப் பெயரும் ஒற்றைக் கலைச்சொல்லும்தான் இருக்கும். பாடநூல் மொழிபெயர்க்க அது போதும். சினிமா விமர்சனத்துக்குப் போதாது. இயந்திர மொழிபெயர்ப்பும் அப்படித்தான்: தனிச்சொல்லாகக் கொடுத்தால் தொனி இல்லாத ஒரே விடை, முழு வாக்கியமாகக் கொடுத்தால் கொஞ்சம் தேறும். எனவே அதில் தனிச்சொல்லைத் தேடாதீர்கள், வாக்கியத்தோடு ஒட்டுங்கள்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் உண்மையிலேயே கைகொடுப்பது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று: க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992ல் முதல் பதிப்பு, 2008ல் விரிவாக்கியது, 2020ல் மூன்றாவது. தமிழ்-தமிழ்-ஆங்கிலம் என்பதால் ஆங்கிலச் சொல்லை இதில் தேட முடியாது. தலைகீழாகப் போக வேண்டும். முதலில் மேலே சொன்ன ஏதாவது ஒன்றில் கிடைத்த தமிழ்ச் சொற்களை, அதாவது கணி, ஊகம், எதிர்பார் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் க்ரியாவில் பாருங்கள். இன்றைய எழுத்திலிருந்து வரும் எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படித்து, உங்கள் வாக்கியத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூன்று நிமிட வேலை. எழுத்து மொழிபெயர்ப்பில் பிழை பிடிக்க இதைவிட நல்ல வழி குறைவு. ‘யூகி’ என்று எழுதுவதா ‘ஊகி’ என்று எழுதுவதா என்ற பழைய சண்டைக்கும் இங்கே ஒரு தீர்ப்புக் கேட்டுக்கொள்ளலாம், மூலம் ‘ஊகம்’.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளமும் ஒரு வேடிக்கைக்குப் பார்க்க வேண்டியது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி அங்கே இருக்கிறது. தமிழ்ச் சொல்லை மட்டும் அல்ல, விளக்கத்துக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல்லையும் தேடும் வசதி உண்டு. முன்பே சொல்வது என்ற பொருளில் அலசினால் குறி சொல்லுதல், நிமித்தம், ஆரூடம் என்று ஒரே சோதிடர் கூட்டம். நாம் விஞ்ஞானச் சொல் என்று நினைத்துப் பயன்படுத்தும் ‘கணி’யும் அந்தத் தெருவிலிருந்து வந்ததுதான், சங்க இலக்கியத்தில் கணி என்றால் சோதிடம் கணிப்பவன். கணியன் பூங்குன்றனாரின் பெயரில் இருப்பதும் அதே.

சரி, சொல்லை எங்கே எப்படிப் போடுவது? அகராதிகள் சிதறலாகச் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. இயந்திரம், பேருந்து நேரம், மாத வருமானம், மருந்தின் விளைவு, சர்வர் பதிலளிக்கும் வேகம் ஆகியவற்றுக்கு ப்ரெடிக்டபிள் என்றால் பாராட்டு. படம், கதை, நகைச்சுவை, பந்துவீச்சு, மனிதர் ஆகியவற்றுக்குச் சொன்னால் பெரும்பாலும் குறை. விதிவிலக்கு உண்டு: குழந்தை வளர்ப்பில் ‘ப்ரெடிக்டபிள் ரொட்டீன்’ என்றால் நல்லதுதான், தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, தூக்கம் என்ற பொருளில்.

தமிழாக்கமும் அதற்கேற்ப மாற வேண்டும். எல்லா இடத்திலும் ‘முன்கணிக்கக்கூடிய’ என்று ஒட்டினால் படிக்கச் சகிக்காது. ஆய்வுக்கட்டுரைக்கு ‘முன்கணிக்கத்தக்க’. வரவுசெலவுக்கு ‘ஏற்ற இறக்கமில்லாத’, ‘நிலையான’. படத்துக்கு ‘அடுத்த காட்சி என்னவென்று முன்பே தெரிந்துவிடுகிறது’. மனிதருக்கு ‘அவர் வாயைத் திறக்குமுன்பே என்ன சொல்வார் என்று தெரியும்’. வாக்கியத் தொடக்கத்தில் வரும் ‘ப்ரெடிக்டபிளி’க்கு ‘எதிர்பார்த்தபடியே’ அல்லது ‘வழக்கம்போல’. ரயில் தாமதம் என்றால் இரண்டாவதுதான் உயிரோடு இருக்கிறது. எதிர்ச்சொல் அன்ப்ரெடிக்டபிள், இன், இம் என்ற முன்னொட்டு எதுவும் இதற்கு ஒட்டாது. அதற்கு அகராதிகள் தராத ஒரு தமிழாக்கம் ஊரில் எப்போதும் இருக்கிறது: மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுச் சொற்களில்தான் அதிகம் வழுக்குகிறது. முதலாவது ‘ப்ரெடிக்டிவ்’. தமிழ் இலக்கணத்தில் சொன்னால் ஒன்று செய்வினை, மற்றது செயப்பாட்டுவினை. ப்ரெடிக்டிவ், கணிப்பது. ப்ரெடிக்டபிள், கணிக்கப்படுவது. விற்பனை எவ்வளவு வரும் என்று சொல்லும் கணினி மாதிரி ‘ப்ரெடிக்டிவ் மாடல்’. அதை ‘ப்ரெடிக்டபிள் மாடல்’ என்று எழுதினால், அந்த மாதிரி என்ன விடை தரும் என்பது நமக்கு முன்பே தெரியும் என்றாகிவிடும். அப்புறம் அதை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது? கைபேசியில் இரண்டு எழுத்து தட்டினதும் சொல்லை நீட்டுவதும் ப்ரெடிக்டிவ்தான். ஆக்ஸ்ஃபோர்டு இந்தக் கைபேசிப் பொருளையும் தனியாக எண் போட்டுத் தருகிறது.

இரண்டாவது ‘ஃபோர்காஸ்ட்’. ஒத்தசொல் அகராதிகள் ப்ரெடிக்ஷனையும் இதையும் ஒரே கூடையில் போடும். துறைக்காரர்கள் போடமாட்டார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் நிலநடுக்க ப்ரெடிக்ஷன் என்றால் மூன்றும் வேண்டும் என்கிறது: நாளும் நேரமும், இடம், அளவு. அப்படி ஒரு பெரிய நிலநடுக்கத்தைக்கூட எந்த விஞ்ஞானியும் முன்பே சொன்னதில்லை என்பதும் அதே நிறுவனத்தின் நிலைப்பாடு. இத்தனை ஆண்டுக்குள் இந்தப் பகுதியில் இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்வது ஃபோர்காஸ்ட். அது செய்யப்படுகிறது. வானிலைத் துறையின் ‘முன்னறிவிப்பு’ம் இந்த வகைதான்.

மூன்றாவது ‘ஃபோர்சீயபிள்’. ஆங்கிலத்தில் இது சொல்வதல்ல, பார்ப்பது. முன்னோக்கிப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டியது. அதனால் சட்டத்தில் இதுதான் வரும், ப்ரெடிக்டபிள் வராது. 1928ல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் ஒரு பெண் குடித்த இஞ்சிப் பானப் புட்டியில் நத்தை கிடந்ததாகத் தொடர்ந்த வழக்கில், 1932ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டன் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. தன் செயலால் பக்கத்தில் இருப்பவருக்குத் தீங்கு வரும் என்று நியாயமாக முன்னுணர முடிந்தால் கவனமாக இருக்கும் கடமை உண்டு என்பது அதன் சாரம். 1961ல் சிட்னி துறைமுக எண்ணெய்க் கசிவு வழக்கில், லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மறுபக்கத்தைச் சொன்னது: முன்னுணர முடியாத வகைச் சேதத்துக்குப் பொறுப்பில்லை. இங்கே கேள்வி ‘நடக்கும் என்று தெரியுமா’ அல்ல, ‘தெரிந்திருக்க வேண்டாமா’ என்பது. வள்ளுவர் 429ஆம் குறளில் ‘எதிரதாக் காக்கும் அறிவினார்’ என்பாரே, வரப்போவதை முன்பே அறிந்து காத்துக்கொள்ளும் அந்த அறிவு. தமிழில் ‘முன்னுணரத்தக்க’ என்று எழுதலாம். ‘முன்கணிக்கத்தக்க’ என்று எழுதினால் வழக்கறிஞர் திருத்துவார்.

‘ஃபோர்சீயபிள் ஃப்யூச்சர்’ ஒரு கெட்டிப்பட்ட தொடர். இதில் ப்ரெடிக்டபிளைச் செருக முடியாது. அன்றாடப் பேச்சில் ‘இப்போதைக்கு’, ‘கண்ணுக்கெட்டிய வரை’ என்ற அளவு. கணக்குப் பதிவியலில் அப்படி நழுவ முடியாது: நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்று மதிப்பிடும்போது, அறிக்கைக் காலம் முடிந்ததிலிருந்து குறைந்தது 12 மாதம், அதோடு நிற்காமல், பார்க்கச் சொல்கிறது சர்வதேசக் கணக்கியல் தரநிலை 1. பொது அகராதிகளில் இந்த 12 மாதத்தைத் தேடிப் பயனில்லை. அது அவற்றின் வேலையும் அல்ல.

வாங்குபவர்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் தளம் இலவசம், விளம்பரத் தொல்லை உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் காசு கட்டும் செயலியையோ அச்சுப் புத்தகத்தையோ யோசிக்கலாம். அச்சில் வாங்கினால் பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று தயங்க வேண்டாம்; ப்ரெடிக்டபிள் போன்ற சொற்களுக்குப் பதிப்பு மாறினாலும் பெரிய வித்தியாசமில்லை. சட்டைப்பை அளவு ஆங்கிலம்-தமிழ் அகராதியில் மட்டும் காசைப் போடாதீர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த ‘குறைகூறும் தொனி’ என்ற அடைப்புக்குறிதான். க்ரியா அச்சுப்பிரதி கனமானது, பைக்குள் அடங்காது. மேசையில் நிரந்தரமாக இடம் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள்.